புதுப்பிப்பு: முழங்கால் உயர பூட்ஸ் வாங்கிவிட்டேன்

கெண்டைக்கால் பருமனாக இருந்தால் முழங்கால் உயர பூட்ஸ் சரிவருமா, எதோடு போடுவது என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன்: கருப்புத் தோல், தாழ்ந்த குதிகால், உள்பக்கம் முழுநீள ஜிப்.

அளவெடுக்கச் சொன்னதுதான் பெரிய உதவி. மாலையில், கால் லேசாக வீங்கியிருக்கும்போது, உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்து அளந்தேன். கெண்டைக்காலின் அகலமான இடத்தில் சுற்றளவு 41 செ.மீ., தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 42. இந்த இரண்டாவது அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பூட்ஸ் அதைத் தாண்டினால் உட்காரும்போது பின்னால் குத்தும். உயரத்தைக் குதிகாலோடு சேர்த்துச் சொல்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறுகிறது.

ஜீன்ஸ் உள்ளே போக வேண்டும் என்பதால் 43 சுற்றளவு எடுத்தேன். அசல் தோல் போடப் போட நெகிழும், செயற்கைத் தோல் அவ்வளவாக நெகிழாது.

அப்புறம் உடை. பூட்ஸின் மேல்விளிம்பை மூடும் மிடி ஸ்கர்ட்தான் எனக்கு அழகாகப் படுகிறது. இடையில் கால் தெரியாததால் ஒரே நீளக் கோடாக இருக்கிறது. குட்டை உடை என்றால் பூட்ஸ் நிறத்திலேயே டைட்ஸ் (இடுப்பு வரை வரும், காலோடு ஒட்டிய உறை). ஒட்டிய ஜீன்ஸுக்கு மேல் சாக்ஸை இழுத்துவிட்டுப் பூட்ஸ் போட்டால் துணி சுருண்டு ஏறாது.

ஸ்வேட் (வெல்வெட் போன்ற மேற்பரப்புள்ள தோல்) பூட்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: அழகுதான், ஆனால் மழையில் வேண்டாம்.