கொரியாவில் அமெரிக்க இராணுவ ஆட்சி: நெல் விளைந்தும் அரிசி இல்லாமற்போனது ஏன்?

கேள்வி: மாணவி, களுவாஞ்சிக்குடி
உயர்தர வரலாற்றுப் பாடத்துக்காக, 1945 முதல் 1948 வரை தென்கொரியாவை ஆண்ட அமெரிக்க இராணுவ அரசாங்கத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். யப்பானியரின் பிடி விட்டதில் மகிழ்ந்திருந்த மக்கள், 1946 ஒக்டோபரில் தேகு நகரில் கிளர்ந்தெழுந்தார்கள் என்றும் அரிசிப் பிரச்சினை அதற்கு முக்கிய காரணம் என்றும் வாசித்தேன். 1945 இல் விளைச்சல் நன்றாகவே இருந்ததாம். அப்படியானால் அரிசி எங்கே போனது?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்களப்பு
மகள், 1945 செப்டெம்பர் 8 ஆம் திகதி இன்சொன் துறையில் இறங்கிய ஜெனரல் ஜோன் ஹொட்ஜின் படையினருக்குக் கொரிய மொழியும் தெரியாது, நாட்டு நடப்பும் தெரியாது. முதலில் யப்பானிய அதிகாரிகளையே வைத்து ஆள முயன்று, எதிர்ப்பு எழுந்த பின்னரே அவர்களை விலக்கினார்கள். ஒக்டோபரில் அரிசியைத் தடையின்றி விற்கலாம் என அறிவித்தார்கள். போர்க்காலத்தில் யப்பானியர் நெல்லைக் கட்டாயமாகப் பறித்திருந்ததால், கட்டுப்பாடு நீங்கியது பலருக்கு விடுதலையாகவே தோன்றியிருக்கும். ஆனால் சரணடைந்த நாட்களில் யப்பானியர் தாள்பணத்தை அச்சிட்டுக் குவித்திருந்தார்கள். விலைவாசி நாளுக்கு நாள் ஏறும்போது கையில் நெல் உள்ளவர் அதை ஏன் விற்கப்போகிறார்? பணமுள்ளவர்கள் வாங்கிப் பதுக்கினார்கள். யப்பானிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களால் உண்ணும் வாய்களும் பெருகின. 1946 ஜனவரியில் அதே அரசாங்கம் கட்டாயக் கொள்வனவுக்குத் திரும்பியது. அதை நிறைவேற்றக் கிராமங்களுக்கு வந்தவர்களில் யப்பானியர் காலத்துப் பொலிஸாரும் இருந்தார்கள். மக்களின் நெஞ்சில் தைத்தது பசியைவிட இதுதான் என்பது எனது எண்ணம்.

பதில்: விவசாயி, சம்மாந்துறை
ஆசிரியர் ஐயா கூறியதோடு குத்தகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரிய உழவர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் செய்கை பண்ணியவர்கள். விளைச்சலில் பாதியோ அதற்கு மேலோ நிலச்சொந்தக்காரருக்குப் போனது. இராணுவ அரசாங்கம் அதை மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மட்டுப்படுத்தியது நல்ல காரியமே. ஆயினும் சூடடித்த நெல் களத்தில் குவிந்திருக்க, நிலச்சொந்தக்காரரான போடியாருக்கு எத்தனை, செய்கைக்காரனுக்கு எத்தனை என்று மரைக்காலால் அளந்து பிரித்த காலத்தை எங்கள் வட்டைகளில் அறிந்தவர்களுக்குத் தெரியும்: அளக்குமிடத்தில் உழவனுக்காகப் பேச ஆள் இல்லாவிட்டால் சட்டம் அங்கே வந்து சேராது. கொரிய ஊர்களில் அப்படிப் பேசக்கூடியவையாக இருந்த, யப்பானியர் சரணடைந்ததும் ஊரவர்களே அமைத்துக்கொண்ட மக்கள் குழுக்களை அமெரிக்கர் ஏற்க மறுத்துக் கலைத்தார்கள். வடக்கில் சோவியத் படை அதே குழுக்களைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது. 1946 மார்ச்சில் அங்கே நிலம் பகிரப்பட்டது. தெற்கில் யப்பானியரிடமிருந்த வயல்கள் குத்தகைக்காரருக்கு விற்கப்பட்டதோ 1948 இல், அந்த ஆட்சி முடியும் தறுவாயில்.

மாணவி, களுவாஞ்சிக்குடி
இருவருக்கும் மிக்க நன்றி. நாடு நிரந்தரமாகப் பிரிந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அல்லது அது சோவியத் வடக்கையும் அமெரிக்கத் தெற்கையும் பிரித்த 38 ஆவது அகலக்கோட்டோடு முடிந்த விடயமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்களப்பு
நிச்சயமாகத் தொடர்பு உண்டு. அந்தக் கோடு, யப்பானியப் படையின் சரணடைவை எங்கே யார் ஏற்பது என்பதற்காக, 1945 ஆகஸ்டில் வாஷிங்டனில் இரண்டு கேணல்கள் வரைபடத்தைப் பார்த்துக் குறித்தது. அதை எல்லையாக்கியது அடுத்த மூன்று ஆண்டுகளே. இருபுறமும் வெவ்வேறு நிலக்கொள்கையும் வெவ்வேறு பொலிஸும் வேரூன்றின. நாடு முழுவதற்கும் ஒரே அரசாங்கம் அமைப்பது பற்றி அமெரிக்க, சோவியத் கூட்டு ஆணைக்குழு நடத்திய பேச்சு 1947 இல் முறிந்தது. 1948 மே 10 ஆம் திகதி தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. விடை எழுதும்போது கோட்டோடு நிறுத்திவிடாமல், அந்தத் தேர்தலை எதிர்த்து ஏப்ரலில் ஜேஜு தீவில் எழுந்த கிளர்ச்சியையும், அதை அடக்கியபோது பொதுமக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டதையும் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள் மகள்.