சிறிய நாய்க்குக் குறைந்த கட்டணக் கருத்தடை: எதைப் பார்த்துத் தேர்வது?

கேள்வி:
எங்கள் பெண் நாய்க்கு ஏழு மாதம் ஆகிறது. எடை 3 கிலோதான். கருத்தடை முகாமில் கட்டணம் மிகக் குறைவாக இருப்பதால், சிகிச்சையில் எதையேனும் குறைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

பதில் 1:
கட்டணம் குறைவது பெரும்பாலும் நன்கொடையாலும், ஒரே நாளில் பல அறுவை சிகிச்சைகளைச் செய்வதாலும்தான். நாள்தோறும் இதையே செய்யும் மருத்துவருக்குக் கை தேர்ந்திருக்கும். மயக்கத்தில் இருக்கும்போது இதயத் துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா, வலி மருந்து கட்டணத்தில் அடங்குமா, இரவில் இரத்தம் கசிந்தால் யாரை அழைப்பது என்று கேளுங்கள்.

பதில் 2:
சிறிய உடல் விரைவாக வெப்பத்தை இழக்கும் என்பதால், சூடேற்றும் விரிப்பு உண்டா என்பதை நான் முதலில் கேட்பேன். நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரையும் இறங்கக்கூடும். ஆகவே எடையைக் குறிப்பிட்டு, உணவை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விழாத பால் பற்கள் இருந்தால், அதே மயக்கத்திலேயே பிடுங்கிவிடலாம்.

கேட்டவர்:
நன்றி. வலி மருந்து உண்டாம். இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் தனிக் கட்டணமாம்.

பதில் 1:
அதைத் தவிர்க்காதீர்கள். நாய் தையலை நக்காதபடி கழுத்தில் மாட்டும் கூம்பின் விலையையும் கணக்கில் சேருங்கள். 10 முதல் 14 நாள்வரை தையலை நக்கவிடக் கூடாது. (எங்கள் நாய் மூன்றாம் நாளே கூம்பைக் கடித்துக் குதறியது தனிக்கதை.)