மாருதி 800 இன்ஜின்: லேத் வேலைக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. அப்பா 1998-ல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் மாடல். ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, நீலப்புகை வேறு. இன்ஜினை இறக்கிப் பிரித்தாயிற்று. மூன்று போரிலும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) மேல்விளிம்பில் நகம் தட்டுகிற அளவுக்குத் தேய்மானம். கிராங்க் பின் (கனெக்டிங் ராடு மாட்டும் கிராங்க் ஷாஃப்ட் பகுதி) ஒன்றில் கோடு விழுந்திருக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கேட்டேன். "மொத்தமா இவ்வளவு ஆகும் தம்பி" என்று ஒரே தொகையாகச் சொல்கிறார்கள். எனக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். போரிங் (துளையை அகலப்படுத்துவது), ஹோனிங் (அதன் சுவரை மெருகேற்றுவது), கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் (சிலிண்டருக்கு மேல் மூடும் பாகத்தின் அடியைச் சமப்படுத்துவது), வால்வு சீட் கட்டிங் (வால்வு உட்காரும் இடத்தைச் சீவுவது), ஆறு வால்வு கைடு (வால்வு தண்டு ஓடும் குழல்) மாற்றுவது: இன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் கூலி என்ன? அலுமினிய ஹெட், ஒருமுறை நன்றாகச் சூடேறிய வண்டி என்பதால் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் பார்க்க நினைக்கிறேன். அதை வீண்செலவு என்கிறார் மெக்கானிக். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரிசல் விட்ட ஹெட்டுக்குப் புது கைடு போட்டு என்ன பயன்?

இன்னொன்று. பிஸ்டனை இப்போதே வாங்கச் சொல்கிறார்கள். 0.25 மி.மீ. ஓவர்சைஸில் (அவ்வளவு பெரிய பிஸ்டனுக்கு அகலப்படுத்தும்போது) போர் சுத்தமாகாவிட்டால் 0.50-க்குப் போகணும், வாங்கியது வீண். அளந்த பிறகு வாங்கி, பிஸ்டனைக் கையில் கொடுத்து அதற்கேற்ற கிளியரன்ஸில் (இடைவெளியில்) போர் பண்ணச் சொல்வதுதானே சரி? பேரிங்கும் அப்படித்தான், கிராங்க் அளவைப் பொறுத்தது.

உதிரி பாகம் தவிர்த்து லேத்துக்கு மட்டும் 15 ஆயிரம் வைத்திருக்கிறேன். போதுமா? சமீபத்தில் செய்தவர்கள் பில் விவரம் சொன்னால் பெரிய உதவி. வண்டியை விற்கிற எண்ணம் இல்லை.