113ஆம் தனிமம்: மூன்று அணுவுக்கு ஒரு மகுடமா?

துகள்தாசன்: ‘113ஆம் தனிமமான நிஹோனியம் ஜப்பானின் தனிச் சாதனை’ என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ரஷ்யாவின் டுப்னா ஆய்வகத்தார் 2003லேயே அமெரிசியத்தின் மீது கால்சியம்-48ஐ மோதவிட்டு 115ஆம் தனிமத்தை உண்டாக்கினார்கள். அது இரண்டு புரோட்டான் கொண்ட ஓர் ஆல்ஃபா துகளை உமிழ்ந்தால் மிஞ்சுவது 113 தானே? ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் தன் முதல் அணுவைப் பார்த்ததே 2004 ஜூலையில். ஒன்பது ஆண்டு பாடுபட்டு மொத்தம் மூன்று அணு!

கரிக்கட்டை: அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 2012இல் வந்த மூன்றாவது அணு ஆறு ஆல்ஃபாச் சிதைவுகளில், ஏற்கெனவே அறிந்த மெண்டலீவியம்-254 வரை இறங்கியது. வழியில் வரும் போரியம்-266ஐத் தனியாக உண்டாக்கி 2009லேயே சரிபார்த்துவைத்திருந்தார்கள். டுப்னாவின் சிதைவுச் சங்கிலியோ டப்னியம்-268இல் பிளந்து நின்றுவிட்டது. ஏற்கெனவே அறிந்த எந்த அணுக்கருவையும் தொடவில்லை.

துகள்தாசன்: மூன்று அணு.

நெய்தல்: 1999இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் 118ஐக் கண்டதாக அறிவித்தபோதும் மூன்று சங்கிலிகள்தான். பிறகு தரவே புனைவு என்று தெரிந்து திரும்பப் பெற்றார்கள்.

கரிக்கட்டை: ரிக்கெனையும் அந்த மோசடியையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா? வெட்கமாக இல்லையா?

நெய்தல்: எண்ணிக்கையைத்தான் சொன்னேன் ஐயா. உங்களுக்கு எதற்கு இத்தனை உறுத்தல்?

துகள்தாசன்: பெர்க்லிக்காரர்களை விடுங்கள். 104க்கு டுப்னா வைத்த குர்ச்சட்டோவியம் என்ற பெயரை ஏற்க மறுத்தவர்கள் அவர்கள். இப்போது விஷயத்துக்கு வாருங்கள். டுப்னா செய்த அதே சோதனையை 2013இல் ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ கூடத்தில் சுவீடனின் லுண்ட் குழு திரும்பச் செய்து முப்பது சங்கிலிகளைக் கண்டது. முப்பது! அங்கே மூன்று. 115க்கான உரிமையை டுப்னா–அமெரிக்கக் கூட்டணிக்குக் கொடுத்த சர்வதேச வேதியியல் அமைப்பு (ஐயூபாக்) 113ஐ மட்டும் ரிக்கெனுக்குக் கொடுத்தது. தாய்க்கரு டுப்னாவினுடையது, சேய்க்கரு மட்டும் வழியில் கிடந்ததா?

கரிக்கட்டை: முப்பதும் அறியாத கருவில் போய் முடிந்தால் முப்பது புதிர்கள்தான். 104இன் பெயர்ப் பஞ்சாயத்து 1997லேயே தீர்ந்துவிட்டது. உங்களுக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

துகள்தாசன்: தீர்த்தவர்கள் யார் என்பதும் தெரியும். சென்ற மாதம் லிவர்மோரியம் பற்றிய இழையில் பதில் சொல்லாமல் நழுவியவர் நீங்கள்தானே?

நெய்தல்: ரிக்கென் இப்போது கியூரியத்தின் மீது வனேடியத்தை மோதவிட்டு 119ஐத் தேடுகிறது. அதைப் பற்றி யாராவது பேசலாமே?

துகள்தாசன்: பேசலாம். அதற்கு முன் அந்த மூன்று அணுவுக்குப் பதில் வரட்டும்.

கரிக்கட்டை: சொல்லியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.

துகள்தாசன்: படித்தேன். மூன்றுதான் இருக்கிறது.