ஊட்டியில் போன பந்து

சனிக்கிழமை

பெரியப்பா (காலை 9:12): இன்றைக்கும் கோல்ஃபில் டிரைவரால் (தூரம் அடிக்கும் மட்டை) அடித்த பந்து 180 யார்டைத் தாண்டவில்லை. போன மாதம் ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் இதே மட்டையால் 195 அடித்தேன். மட்டை தேய்ந்துவிட்டது போல. புதிதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

பெரியம்மா: விலையையும் குழுவில் சொல்லுங்கள்.

பெரியப்பா: அது அப்புறம்.

தம்பி: மட்டைமேல் பழி போடாதீர்கள் பெரியப்பா. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பந்தைத் தடுக்க ஆளில்லை. ஆனால் சுழலும் பந்தைத் தூக்கிப் பிடிப்பதும் அதே காற்றுதான். அதுவும் குறைவதால் மொத்த லாபம் நூற்றுக்கு எட்டு, ஒன்பதுதான். 180-ஓடு எட்டு சதவீதம் கூட்டிப் பாருங்கள்.

பெரியப்பா: 194.4

சித்தப்பா: அண்ணா, பேசாமல் ஊட்டிக்கே குடி போய்விடுங்கள்.

பெரியம்மா: நான் பெட்டி கட்டத் தயார்.

அக்கா: பெரியப்பா, பின்னாலிருந்து எடுத்த வீடியோ ஏதாவது இருந்தால் போடுங்கள்.

பெரியப்பா: (வீடியோ)

அக்கா: பார்த்தேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. மட்டை மேலே போனதும் தோளும் கையும்தான் முதலில் பாய்கின்றன, இடுப்பு தூங்குகிறது. அதனால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது, பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. அடித்து முடித்த பிறகும் எடை முழுக்க வலது காலில். அப்புறம் அந்தப் பிடி! அம்மிக் குழவியைப் பிடிப்பது போல இறுக்கியிருக்கிறீர்கள்.

பெரியப்பா: இறுக்கிப் பிடித்தால்தானே பலம்?

அக்கா: மணிக்கட்டு மடங்காது, வேகம் வராது. மட்டை நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

பெரியப்பா: அமெரிக்க கோல்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ 2020-இல் உடம்பை ஏற்றிக்கொண்டு யுஎஸ் ஓபன் கோல்ஃப் போட்டியே ஜெயித்தாரே.

பெரியம்மா: அவர் ஜிம்மில் ஏற்றினார். நீங்கள் பஜ்ஜியில் ஏற்றினீர்கள்.

அக்கா: எல்பிஜிஏ என்ற பெண்கள் தொழில்முறை கோல்ஃபில் ஆடுபவர்களின் மட்டை வேகம் சராசரியாக மணிக்கு 95 மைல் அளவில்தான். பந்து தரையைத் தொடும் முன்பே சுமார் 220 யார்டு போய்விடுகிறது. பலத்தைவிட வரிசை முக்கியம் பெரியப்பா. எடை இடது காலுக்கு, பிறகு இடுப்பு, தோள், கை, கடைசியில் மட்டை.

பெரியப்பா: இத்தனையும் ஒரு நொடிக்குள் எப்படி நினைப்பது?

பெரியம்மா: கல்லில் வேட்டி அடித்துத் துவைத்தவளைக் கேளுங்கள். கையால் அடித்தால் தோள்தான் வலிக்கும். கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, கை வந்து, துணியின் நுனி கடைசியாக வந்து விழும். சத்தம் அப்போதுதான் வரும்.

அக்கா: பெரியம்மா!! என் கோச்சுக்கு மூன்று மாதம் ஃபீஸ் கட்டிக் கேட்டது இதைத்தான்.

சித்தப்பா: அண்ணி, ஒரு வகுப்புக்கு எவ்வளவு?

அக்கா: பெரியப்பா, இன்னும் சில விஷயம். பந்தை வைக்கும் டீ குச்சியை ரொம்பத் தாழ்வாகக் குத்துகிறீர்கள். பந்தில் பாதி மட்டையின் தலைக்கு மேலே தெரிய வேண்டும். பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும், மட்டை மேலேறும்போது படும். அப்புறம் மட்டை முகத்தில் லேசாகப் பவுடர் தடவி அடித்துப் பாருங்கள், பந்து எங்கே படுகிறது என்று தடம் விழும். நடுவில் பட்டால் பந்து மட்டையைப் போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா (காலை 8:40): பவுடர் இல்லை, விபூதி பூசினேன். முதல் ஐந்து அடியும் மட்டையின் குதிப்பக்கம், தண்டை ஒட்டி.

தம்பி: அங்கே பட்டால் மட்டை முறுகும், வலப்பக்கச் சுழற்சியும் கூடும். இரட்டை நஷ்டம்.

பெரியப்பா: பிறகு பந்திலிருந்து அரையடி தள்ளி நின்றேன். பிடியைத் தளர்த்தினேன். வேட்டி, வேட்டி என்று சொல்லிக்கொண்டே அடித்தேன், பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். பத்தில் நான்கு நேராகப் போனது. ஒன்று 191!

அக்கா: சென்னைக் காற்றிலா? சூப்பர் பெரியப்பா! மற்ற ஆறு?

பெரியப்பா: அதைக் கேட்காதே.

சித்தப்பா: அப்போ புது மட்டை?

பெரியப்பா: தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம்.

பெரியம்மா: எந்த தீபாவளி என்று சொல்லவில்லை, கவனியுங்கள். சரி, சாமி அலமாரியில் இருந்த விபூதி டப்பா எங்கே?

பெரியப்பா: கோல்ஃப் பையில்.