பனியில் உங்களைக் காப்பாற்றியது எது: ஈ.எஸ்.சி.யா (கார் வழுக்கினால் தானாகவே பிடித்து நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு), நான்கு சக்கர இயக்கமா?

வடமராட்சியான், ஸ்காபரோ:

நெடுஞ்சாலை 400, பாரி நகருக்குத் தெற்கே, போன ஜனவரி. ஏரிப் பக்கமிருந்து அடித்த பனிச்சூறையில் முன்னால் போன லொறியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. எங்களுடையது 2014ஆம் ஆண்டு செடான், முன்சக்கர இயக்கம். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருவர். தடம் மாறும்போது, இரண்டு தடங்களுக்கும் நடுவே குவிந்து கிடந்த சேற்றுப்பனியில் காரின் பின்பக்கம் வலப்புறமாக வழுக்கியது. நான் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் வலது முன்சக்கரத்தை ஏதோ பிடித்து இழுத்தது. பாதத்துக்குக் கீழே 'கிர்ர்ர்' என்று ஓர் அதிர்வு. வழுக்கும் கார் படம் போட்ட அந்த மஞ்சள் ஈ.எஸ்.சி. விளக்கு நாலைந்து தடவை மினுங்கி அணைந்தது. கார் நேராகிவிட்டது.

"அப்பா, ஏன் பிரேக் போட்டீர்கள்?" என்று மகள் கேட்டாள். என் கால் பிரேக்கில் இருக்கவே இல்லை.

இப்போது கார் மாற்றும் வேளை வந்திருக்கிறது. நான்கு சக்கர இயக்கம்தான் வேண்டும் என்கிறார் மனைவி. 2020 முதல் டொயோட்டா கேம்ரி செடானிலேயே அது கிடைக்கிறது. அந்த மினுங்கலைப் பார்த்த பிறகு, அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

ஒட்டாவாவில் ஒருவன்:

கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

நான்கு சக்கர இயக்கமுள்ள செடான், ஆண்டு முழுக்க ஓடும் சாதாரண டயர்கள். முதல் பனிக்காலம் முழுவதும் எல்லோருக்கும் முன்பாக சிக்னலில் இருந்து புறப்பட்டேன். பக்கத்துக் கார்கள் சக்கரம் சுழன்று திணறும், நான் போய்விடுவேன். அந்தச் சுலபம்தான் என்னைக் கெடுத்தது. பிப்ரவரியில் ஒரு காலை, இறக்கத்தில் சிவப்பு விளக்கு. மிதித்தேன். பெடல் படபடவென்று காலை உதைத்தது, கார் நிற்கவில்லை. நிறுத்தக் கோட்டைத் தாண்டி நடுச்சந்திவரை நடைவேகத்தில் வழுக்கிக்கொண்டே போனேன். குறுக்கே வந்த பஸ்ஸின் ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கைகளால் ஸ்டியரிங்கைச் சுழற்றியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அவர் விலகியதால் பிழைத்தேன்.

எல்லாக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. எஞ்சின் எத்தனை சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பது நிற்கும்போது ஒரு பொருட்டே அல்ல.

மேட்டுத்தெரு, செயின்ட் ஜான்ஸ்:

ஒட்டாவா நண்பர் சமதரையில் இருந்துகொண்டு 'கொடுக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டார். நியூஃபவுண்ட்லாந்தில் எங்கள் தெருவை வந்து பார்க்கட்டும்.

முன்பு எங்களிடம் இருந்ததும் முன்சக்கரக் கார்தான், ஈ.எஸ்.சி. உள்ளதுதான். மாமி ஊரிலிருந்து வந்திருந்தார், முழங்கால் வலிக்காரர். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பாதி ஏற்றத்தில் சக்கரம் சுழன்றது. சுழற்சியை உணர்ந்ததும் கார் தானாகவே எஞ்சின் விசையைக் குறைத்தது. எவ்வளவு மிதித்தாலும் முனகல்தான். பொத்தானை அழுத்தி அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தியும் பார்த்தோம், சக்கரம் பனியைத் தோண்டியதே தவிர ஏறவில்லை. கடைசியில் மாமி இறங்கி, பக்கத்து வீட்டு வேலியை ஒவ்வொரு பலகையாகப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார். கையுறைகூட இல்லை. அடுத்த மாதமே நான்கு சக்கர இயக்கமுள்ள காருக்கு மாறினோம். வழுக்கினால் பிடிப்பது ஒன்று, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொன்று.

மொன்றியால் மாமா:

எனக்கு நடந்தது சிறியது. வாகன நிறுத்தத்தில் வழுக்கி ஒரு கம்பத்தில் முட்டினேன், விளக்கு உடைந்தது. அன்றைக்கு டயர் மாற்றியிருக்கவில்லை. அதனால் சொல்கிறேன், நீங்கள் மூவரும் டயரை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்.

7 பாகைக்குக் கீழே வெப்பம் இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கிவிடும். ஈ.எஸ்.சி. என்பது என்ன? சக்கர வேகம், ஸ்டியரிங் கோணம், கார் திரும்பும் வேகம் மூன்றையும் ஒப்பிட்டு, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. அந்தச் சக்கரம் தரையைப் பிடித்தால்தானே பிரேக் வேலை செய்யும்? கியூபெக்கில் 2008 முதல் பனிக்கால டயர் சட்டம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் பனிக்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதியில் தள்ளுபடி தர வேண்டும். தம்பி வடமராட்சியான், கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் இரண்டு மட்டும் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பின்பக்கம் சுழன்றுவிடும். நான்கு சக்கர இயக்கம் வாங்கினால் ஒரு டயர் கிழிந்தாலும் தேய்மானம் ஒத்துப்போகாமல் நான்கையும் மாற்ற நேரலாம், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். பிள்ளைக்குப் பழைய கார் பார்ப்பவர்கள் கவனியுங்கள்: கனடாவில் ஈ.எஸ்.சி. கட்டாயமானது 2011 செப்டம்பரில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரவுப்பணி, மிசிசாகா:

மாமா கடைசியில் சொன்னது என் கதை. படிக்கும்போது வாங்கிய 2006ஆம் ஆண்டு செடான், ஈ.எஸ்.சி. இல்லாதது. நெடுஞ்சாலை 401இல் ஏறும் வளைவுப் பாதையில், விடியற்காலை நான்கு மணிக்கு, ஈரம் என்று நினைத்தது கண்ணாடிப்பனி. பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். ஒரு சுற்று. நின்றபோது எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த காரின் முகப்பு விளக்குகள் என் முன்கண்ணாடிக்கு நேரே இருந்தன. வானொலி பாடிக்கொண்டே இருந்தது. அந்தக் காரின் முன்பக்கம் அமுங்கி அமுங்கி நிமிர்ந்து, என்னிடமிருந்து ஒரு கார் நீளத்தில் நின்றது. இறங்கி வந்தவர் நடுத்தர வயதுப் பெண். எதுவும் கேட்காமல் என் கதவைத் திறந்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேட்டுத்தெரு, செயின்ட் ஜான்ஸ்:

மொன்றியால் மாமாவுக்கு: மாமி நடந்த அன்று எங்கள் காரில் பனிக்கால டயர்தான் இருந்தது, நான்கும், அந்த ஆண்டு வாங்கியவை.