ஸோரன் ஸிவ்கோவிச்: பதிப்பாளரா, எழுத்தாளரா? எதில் தொடங்கலாம்?

மாடிப்படி:
பழைய புத்தகக் கடையில் 'தி லைப்ரரி' என்று ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. எழுதியவர் ஸோரன் ஸிவ்கோவிச், செர்பியர். முதல் கதையில் ஓர் எழுத்தாளருக்கு 'எங்களிடம் எல்லாம் இருக்கிறது' என்று ஒரு குப்பை மின்னஞ்சல் வருகிறது. சும்மா வம்புக்குத் திறந்து பார்த்தால், அவர் எழுதிய புத்தகங்களோடு இன்னும் எழுதாத புத்தகங்களும் அங்கே வரிசையாக இருக்கின்றன. போதாததற்கு அவர் எந்த வருடம் சாகக்கூடும் என்பதும், அதுவும் ஒரு வருடம் இல்லை, பல. படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. இவர் பதிப்பகமும் நடத்தியவர் என்று கேள்வி. இரண்டையும் எப்படிச் சமாளித்தார்? அறிவியல் புனைவு எழுத்தாளர் என்கிறார்களே, சரியா? அடுத்து எதைப் படிக்கலாம்?

அச்சுமை:
சமாளித்தார் என்பதைவிட, முதல் பாதி முழுக்க அவர் அடுத்தவர் புத்தகத்துக்கே உழைத்தார் என்பதுதான் சரி. பதினோரு வருடம் சின்னப் பதிப்பகம் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் எனக்கு அவருடைய அந்தப் பாதியில்தான் ஆர்வம் அதிகம்.

1948 இல் பெல்கிரேடில் பிறந்தவர். 1979 இல் முதுகலை ஆய்வு ஆங்கில அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பற்றி: வேற்றுக்கிரகத்தாரை முதன்முதலாகச் சந்திக்கும் கதைகளில்கூட நாம் எப்படி நம் சாயலையே அவர்கள்மேல் ஏற்றிவிடுகிறோம் என்பது பொருள். 1982 இல் முனைவர் பட்டம். அதே வருடம் 'போலாரிஸ்' பதிப்பகம். அன்றைய யூகோஸ்லாவியாவில் பெரிய பதிப்பகம் என்றால் சமூக உடைமைதான். தனியாள் பதிப்பகம் ஆரம்பிப்பது அரிது. முதல் புத்தகம் கிளார்க்கின் '2010'. மூலம் வெளியான அதே வருடமே செர்பிய மொழியிலும் வந்துவிட்டது. மொழிபெயர்த்ததும் அவரே. அதோடு நிற்கவில்லை, எழுபதுக்கும் மேற்பட்ட புத்தகங்களை மொழிபெயர்த்திருக்கிறார். 1990 இல் அறிவியல் புனைவுக் கலைக்களஞ்சியம் ஒன்றை இரண்டு பாகமாகத் தனியாளாக எழுதினார். இதற்குள் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொந்த நாவல் ஒன்றுகூட இல்லை.

நாவல் வந்த வருடத்தைப் பாருங்கள்: 1993. ஐ.நா. பொருளாதாரத் தடை ஒரு பக்கம், பணவீக்கம் இன்னொரு பக்கம். அந்த டிசம்பரில் 50,000 கோடி தினார் நோட்டு அச்சடித்தார்கள். அதில் இருந்த முகம் யாருடையது தெரியுமா? யோவான் யோவானோவிச் ஸ்மாய் என்ற கவிஞருடையது! காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் செல்லாக்காசாகும் ஊரில், நாற்பத்தைந்து வயதில், ஒருவர் தன் முதல் நாவலைத் தன் பதிப்பகத்திலேயே போடுகிறார். 'நான்காவது வட்டம்'. ஆர்க்கிமிடீஸ், நிகோலா டெஸ்லா, ஸ்டீவன் ஹாக்கிங், ஷெர்லாக் ஹோம்ஸ் எல்லோரும் வரும் கதை. காகிதம் வாங்க என்ன பாடுபட்டிருப்பார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வாசகன் புத்தி வேறு, பதிப்பாளன் புத்தி வேறு. அந்த நாவலுக்கு மிலோஷ் செர்னியான்ஸ்கி என்ற செர்பிய எழுத்தாளர் பெயரிலான விருது கிடைத்தது.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் கெட்டிக்காரத்தனம். செர்பிய மொழியில் எழுதியதைப் பெல்கிரேடிலேயே ஆங்கிலமாக்க வைத்தார் (பெரும்பாலும் ஆலிஸ் காப்பிள் டோஷிச் என்ற மொழிபெயர்ப்பாளர்). சில புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பையும் போலாரிஸிலேயே கொண்டுவந்தார். லண்டன் பதிப்பாளர் கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. பிரிட்டனின் 'இன்டர்ஸோன்' பத்திரிகை அவர் கதைகளைத் தொடர்ந்து போட்டது. 2003 இல் உங்கள் கையிலிருக்கும் 'தி லைப்ரரி'க்கு உலக ஃபேண்டசி விருது, குறுநாவல் பிரிவில். கலைக்களஞ்சியமே எழுதிய மனிதர், நான் அறிவியல் புனைவு எழுத்தாளன் இல்லை என்று இன்றுவரை மறுத்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதே சரி என்பேன். அவர் கதைகளில் விண்கலம் எதுவும் பறப்பதில்லை, தபால் பெட்டிதான் திறக்கிறது.

அதே புத்தகத்தில் இரண்டாவது கதையைப் படியுங்கள். ஒருவர் தபால் பெட்டியைத் திறக்கிறார், 'உலக இலக்கியம்' என்று ஒரு தடிப் புத்தகம். மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து திறந்தால் இன்னொன்று. திறக்கத் திறக்க வந்துகொண்டே இருக்கிறது, வீட்டில் நடக்க இடமில்லை. விமர்சகர்கள் இதைக் குறியீடு என்பார்கள். எனக்கு அது வரவு செலவுக் கணக்கு. என் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு கவிதைத் தொகுப்பு, முந்நூறு பிரதி. குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இரண்டு நாவல். ஒரு விநியோகஸ்தர் விற்பனைக்கென்று வாங்கிப்போன கட்டுகளை ஒன்றரை வருடம் கழித்து, கட்டின் கயிறுகூட அவிழ்க்காமல், ஆட்டோவில் திருப்பி அனுப்பினார். வாடகையும் நான்தான் கொடுத்தேன். அம்மா அந்தக் கட்டுகளின்மேல் வடகம் காயவைத்தாள். பதிப்பாளனாக இருந்திராவிட்டால் ஸிவ்கோவிச் அந்தக் கதையை எழுதியிருக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஒரு சின்ன விஷயம். ஸிவ்கோவிச் என்ற அவர் குடும்பப் பெயரின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் 'மெஷர்' என்று சொல்லும்போது நடுவில் வரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் சேர்த்து எழுதுவதைப் பார்த்துவிட்டு யாரோ 'ழிவ்கோவிச்' என்று போட்டிருந்தார்கள். வாழைப்பழ ழகரத்துக்கும் அதற்கும் ஒரு உறவும் கிடையாது!

கொழும்பு_ஏழு:
அச்சுமை அண்ணா, அந்த முதல் புத்தகத்தின் கதை எங்கள் ஊரில் தொடங்குகிறது. '2010' ஐ கிளார்க் கொழும்பில் இருந்துதான் எழுதினார். ஆர்க்கைவ்ஸ் என்ற கணினியில் வேர்ட்ஸ்டார் என்ற எழுத்து மென்பொருள் போட்டு அடித்து, முழு நாவலையும் ஐந்து அங்குல நெகிழ்வட்டு ஒன்றில் நியூயார்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்க செய்மதி நிலையம் வழியாகப் போயின. இதை அவரே அந்த நூலில் எழுதியிருக்கிறார். பார்ன்ஸ் பிளேஸில் அவர் வீட்டைத் தாண்டித்தான் நான் டியூஷனுக்குப் போவேன். அங்கே எழுதியதை வைத்து பெல்கிரேடில் ஒருவர் பதிப்பகம் தொடங்கினார் என்பது இன்றுதான் தெரியும்.

வெற்றிலைப்பெட்டி:
எல்லோரும் புகழ்வதால் நான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறேன். நான்கைந்து புத்தகம் படித்தால் அச்சு தெரிந்துவிடும். தனியாக வாழும் ஒருவர், ஒழுங்கான ஒரு நாள், அதில் ஒரு விசித்திரம். ஊர் பெயர் இராது, போர் இராது. நாடே சிதறிய பத்தாண்டில் எழுதியவர் ஏன் இப்படி என்று கோபம்கூட வந்தது. 'டான்யூபின் ஐந்து அதிசயங்கள்' படித்தபின்தான் கொஞ்சம் இறங்கிவந்தேன். ரீகன்ஸ்பர்க்கில் தொடங்கி வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் என்று ஊருக்கு ஒரு பாலம், ஒவ்வொன்றும் ஒரு நிறம். கடைசியில் நோவி சாட், நீலப் பாலம். அந்த ஊரின் டான்யூப் பாலங்கள் மூன்றும் 1999 இல் நேட்டோ குண்டுவீச்சில் விழுந்தவை. அவர் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை, செர்பிய வாசகருக்குத் தெரியும். மாடிப்படி, அடுத்து இதை எடுங்கள்.

அச்சுமை:
அச்சு தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் பெல்கிரேடு பல்கலைக்கழகத்தில் புனைவெழுத்து கற்பித்தவரும்கூட, வாத்தியார் கைவேலை கொஞ்சம் தெரியத்தான் செய்யும். ஆனால் போர் இராது என்பதை அப்படியே விட மனமில்லை. 1941 ஏப்ரல் 6 அன்று ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் பெல்கிரேடு தேசிய நூலகம் எரிந்தது. மூன்று லட்சத்துக்கும் மேல் புத்தகங்கள் போயின. அதே ஊர்க்காரர் 'தி லைப்ரரி'யில் ஆறு விதமான நூலகங்களைப் பற்றி எழுதுகிறார். இதை அவர் எங்கும் சொன்னாரா என்றால், இல்லை, நானாக முடிச்சுப் போடுகிறேன்.

மாடிப்படி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கடைசிக் கதை வரை முடித்துவிட்டேன். கெட்டி அட்டைப் புத்தகம் மட்டுமே வைத்திருக்கும் ஒரு கனவானின் அலமாரியில் ஒரு பேப்பர்பேக் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன் பெயரே 'தி லைப்ரரி'. எப்படித் தொலைத்தாலும் திரும்பி வருகிறது, கடைசியில் வேறு வழியில்லாமல் அதைத் தின்றே தீர்க்கிறார். என் பிரதியும் பேப்பர்பேக்தான். காலையில் மேசைமேல் வைத்திருந்தேன், இப்போது அப்பாவின் தோல் அட்டைக் கம்பராமாயணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாதான் எடுத்து வைத்தாள் என்கிறாள். நம்பலாமா?